சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது

பொதுச் சொத்தை ஆக்குவது ஒரு கடமை. ஆக்கியதைக் காப்பது மற்றொரு கடமை. இவ்விரண்டையும் விளக்க, இம்முறை ஒரு விஞ்ஞானியின் வரலாற்றைப் பாடமாகக் கொள்வோம்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் ஹண்டர் என்பவர் நரம்பியல் ஆராய்ச்சி செய்துவந்தார். காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளை ஆராய்வது அவர் குழுவின் பணி. அதற்கென விலைக்கு வாங்கிய மென்பொருளுக்கு அனுமதி ஒன்றே இருந்தது. அதனை இயக்கும் மின்னணுச் சாவியை மாணவரும் ஆராய்ச்சியாளரும் முறைவைத்துப் பயன்படுத்தினர். ஒரே தறிக்குப் பல நெசவாளர் காத்திருந்தாற் போன்ற நிலை அது.

ஹண்டர் தாமே ஒரு கருவி செய்தார். எண்களை வரைபடமாக்கும் அதன் பெயர் மேட்பிளாட்லிப். 2003ஆம் ஆண்டில் அதனை மூலநிரலுடன் உலகுக்கு வழங்கினார். மூலநிரல் என்பது கட்டத்தாளில் வரைந்த புட்டா டிசைன் போன்றது. அஃதிருந்தால் எவரும் அதே சேலையை நெய்யலாம், மாற்றியும் நெய்யலாம். எடுத்தவர் பலர் திருத்தினர். திருத்தியதைத் திருப்பியும் தந்தனர். 2019இல் வெளியான கருந்துளையின் முதற்படத்தை ஆக்கிய விஞ்ஞானிகளுக்கும் இக்கருவி உதவிற்று.

2012 ஆகஸ்டில், புற்றுநோய்ச் சிகிச்சையில் நேர்ந்த சிக்கல்களால், ஹண்டர் தமது 44ஆம் வயதில் காலமானார். பணியோ நிற்கவில்லை. மூலநிரலும் திருத்தக் குறிப்புகளும் அனைவர் பார்வையிலும் இருந்தன; பொறுப்பேற்கப் பழகியவர்களும் இருந்தனர்.

தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் இதற்கு நேர்மாறானதைக் கண்டோம். கணக்கறிந்த காரியதரிசி நோயுற்றார். நூல் இருப்பு எவ்வளவு, கூலிப் பாக்கி எவ்வளவு என்று சொல்வார் எவருமில்லை. மூன்று மாதம் கூலி நின்றது. அவர் நாணயமானவரே. ஆனால் புத்தகத்தைக் காட்டுமாறு அங்கத்தினர் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

நூல் பகிர்ந்தால் குறையும். மென்பொருள் பகிர்ந்தால் குறையாது. இவ்வேற்றுமையை மறத்தலாகாது. எனினும் இரண்டிற்கும் பராமரிப்பு உழைப்பு வேண்டும். எடுப்போர் பலராய், உழைப்போர் சிலராய் இருப்பின் எப்பொதுச் சொத்தும் தளரும்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க மூன்று வினாக்கள்:

1. நம் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

2. காரியதரிசி நாளை வராவிடில் கணக்கெழுத வல்லார் யார்?

3. சங்கத்தினின்று நாம் பெற்றது யாது? அதற்கு நாம் திருப்பித் தந்தது யாது?