செம்புக்கு ஆகாத கந்தகம்

புது தில்லி

அன்புள்ள கயல்,

லாரிக்கு எதற்கு யூரியா என்று கேட்டிருந்தாய். நாமக்கல்லில் வளரும் பெண் கேட்க வேண்டிய கேள்விதான்.

பெட்ரோல் பங்கில் ஆட்ப்ளூ என்று ஊற்றுகிறார்களே, அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சூடான புகையில் பட்டதும் அம்மோனியாவாகிறது. டீசல் எஞ்சின் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அந்த அம்மோனியா சேர்ந்தால் மிஞ்சுவது நைட்ரஜனும் நீராவியும்தான். ஆனால் தானாகச் சேராது, ஒரு வினையூக்கி வேண்டும். பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) புகை விதிப்படி வரும் லாரிகள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது செம்பு ஏற்றிய சியோலைட்.

சியோலைட் என்பது சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். உள்ளே முழுக்க நுண்ணறைகள். எஸ்எஸ்இசட்-13 என்ற வகையில் அறை வாசலின் அகலம் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரை 26 லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு! அம்மோனியாவும் நைட்ரிக் ஆக்சைடும் நுழைய அது போதும். உள்ளே இருக்கும் செம்பு அயனி ஓர் எலக்ட்ரானை வாங்கும், ஆக்சிஜனிடம் கொடுக்கும், மறுபடி வாங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வினை ஓடுகிறது.

கந்தகம் வந்தால் அது தடைபடுகிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாகி, அதே வாசல் வழியாக உள்ளே போய், செம்பைச் சல்பேட்டாக்கி முடக்கிவிடும். எல்லாச் செம்பும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. இரண்டு அலுமினியங்களின் பிடியில் இருக்கும் செம்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனருகே படிகிற அம்மோனியம் சல்பேட் 400 டிகிரி வாக்கில் சிதைந்து போய்விடும். ஒரே அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு, ஹைட்ராக்சிலோடு நிற்கும் செம்பில் கந்தகம் ஒட்டினால் லேசில் விடாது. 550 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அப்போதும் பழைய வேகம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பாதிப்பு பளிச்சென்று தெரிவது 300 டிகிரிக்குக் கீழே. நெடுஞ்சாலையில் சுமையோடு விரையும் லாரியின் புகை நல்ல சூடாக இருக்கும், வினையூக்கி சமாளித்துக்கொள்ளும். தில்லி எல்லையில் இரவில் ஊர்ந்து வரிசையில் நிற்கும் லாரியின் புகை ஆறிப்போயிருக்கும். ஆக, ஊருக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் நஞ்சேறிய செம்பு கைவிடுகிறது.

செம்புக்கு மாற்றான வனேடியம் வினையூக்கி கந்தகத்துக்கு அஞ்சாது. ஆனால் கரித்துகள் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தப்படுத்தும்போது வரும் கடும் சூடு அதற்கு ஆகாது. செம்பு அந்தச் சூட்டைத் தாங்கும். கனரக வாகனங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பிஎஸ்-4இல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம், பிஎஸ்-6இல் சுமார் 0.4 கிராம். இந்த வரம்பை எட்டச் செம்பை நம்பினால், கந்தகத்தை டீசலிலேயே நீக்கியாக வேண்டும்.

அந்த டீசல் முதலில் வந்தது தில்லிக்கு. 2018 ஏப்ரல் 1 முதல் இங்குள்ள பங்குகளில் கந்தகம் 10 பிபிஎம்மை (எடையில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு) தாண்டாத பிஎஸ்-6 எரிபொருள். நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலும் 50 பிபிஎம் வரை இருந்தது. தில்லிக்கு வரும் லாரி தில்லியில் மட்டுமா டீசல் போடுகிறது? நாமக்கல்லிலிருந்து இங்கே சுமார் 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் 600 லிட்டர், அதாவது ஏறக்குறைய 500 கிலோ டீசல். 50 பிபிஎம்மில் 25 கிராம் கந்தகம் புகைக்குழாய்க்குள் போகும். 10 பிபிஎம்மில் 5 கிராம். வழியெல்லாம் நல்ல டீசல் கிடைத்தால்தான் செம்பு பிழைக்கும். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 எரிபொருளும் வாகனங்களும் நாடு முழுக்க ஒருசேர வந்ததன் நியாயம் இதுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று கலப்பட டீசல் ஊற்றுகிறவர் அந்த ஏற்பாட்டையே குலைக்கிறார்.

2017 மார்ச் வரை நாட்டின் பல பகுதிகளில் விற்ற டீசலுக்குக் கந்தக வரம்பு 350 பிபிஎம். அதே பயணத்துக்கு எத்தனை கிராம் வரும்? கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா