உடலும் ஓர் அமானிதமே

"எனக்கு ஒரு நோவும் இல்லை, தவக்கல் இருக்க மாத்திரை எதற்கு?" ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் சகோதரர்கள் இவ்வாறு கூற நாம் கேட்டிருக்கிறோம்.

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வலி காட்டாத நோய்கள். இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரை அவை மெல்லக் கெடுக்கின்றன. அங்கே கொழுப்பு படிகிறது. ஒருநாள் அது வெடித்து, இரத்தம் உறைந்து, வழி அடைபட்டால் அதுவே மாரடைப்பு. பீடியும் சிகரெட்டும் இதைத் துரிதப்படுத்தும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நமக்கு மாத்திரையே அந்தக் கயிறு. நமது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதை வீட்டு வாசலுக்கே இலவசமாகக் கொண்டு வருகிறது.

சுகமாயிருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தலாகாது. அந்தச் சுகமே மாத்திரையால் வந்தது. ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் மருந்தை மாற்றிக்கொள்வோம். சமையலில் உப்பையும் நெய்யையும் குறைப்போம். பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வோம். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயுப்பிடிப்பென்று காத்திராமல் உடனே 108-ஐ அழைப்போம்.

அமானிதத்தைப் பேண வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.