உராய்வு விதியும் பாட்டியின் இடுப்பும்

வகுப்பில் உராய்வு விதிகளைப் பயின்றபோது அதைத் தேர்வுக்குரிய பாடமாகவே கருதியிருந்தேன். என் பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்வதென முடிவானபோதுதான், அது மனித உடலுக்கும் உரிய பாடம் என உணர்ந்தேன். முதல் நாள் இரவு பாட்டி, "ஏன்டா, உள்ளே எதையோ வைக்கிறாங்களே, அது தேஞ்சு போயிடாதா?" என்று கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் தேடிக் கற்றதே இக்கட்டுரை.

இடுப்பில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இரண்டையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உராயும், வலி மிகும், நடை குன்றும்.

1946-இல் பாரிஸ் நகரின் ஜூடே சகோதரர்கள், தேய்ந்த தலைக்கு மாற்றாக அக்ரிலிக் பந்தைப் பொருத்தினர். அத்தகைய பந்து பெற்ற ஒருவர் குனியும்போதெல்லாம் மூட்டு கீச்சிட்டதாம். அவர் மனைவி அறையை விட்டே வெளியேறிவிடுவாராம்! இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி இதைக் கேட்டுச் சிரித்ததோடு நிற்கவில்லை. கீச்சொலி மிகுந்த உராய்வின் அடையாளம், அவ்வுராய்வே நாளடைவில் பந்தைத் தளர்த்திவிடும் எனக் கண்டார்.

லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் ஆய்வு தொடர்ந்தது. இங்கே நம் பாடநூல் துணைக்கு வருகிறது. உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்ததன்று. ஆனால் அதன் திருப்புத்திறன் ஆரத்தைப் பொறுத்தது. பந்து சிறுத்தால் கிண்ணத்தைத் திருகும் திறனும் குறையும் அன்றோ? எனவே பந்தைப் படிப்படியாகச் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டத்திற்குக் குறைத்தார். அக்ரிலிக் சிமெண்டால் எலும்போடு பிணைத்தார். கிண்ணத்திற்கு டெஃப்ளானைத் தேர்ந்தார். ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள்தான்.

நோயாளிகள் வலியின்றி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே டெஃப்ளான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைப் புண்படுத்தின. ஏறத்தாழ 300 அறுவைகள் வீணாயின. சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. அத்துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்து, முடிவை வெளியிட்டார்.

1962-இல் விற்பனையாளர் ஒருவர், நெசவு இயந்திரப் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட அடர்த்திமிகு பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. உதவியாளர் ஹாரி கிரேவனோ தேய்மான இயந்திரத்தில் இட்டு ஓடவிட்டார். மூன்று வாரங்கள் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை! அவ்வாண்டு நவம்பரில் அது நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. தம் காலத்துக்குப்பின் மூட்டை ஆய்வுக்குத் திருப்பித் தருமாறும் நோயாளிகளைச் சார்ன்லி வேண்டிக்கொண்டார். எவ்வளவு தேய்ந்தது என அளந்தறியவே அது.

2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, மாற்று இடுப்பு மூட்டுகளில் 100-க்கு ஏறத்தாழ 58, 25 ஆண்டுகள் தாங்குவதாகக் கணித்தது. இதைப் பாட்டியிடம் கூறினேன். "தேயும் பாட்டி, ஆனால் மெல்லத்தான் தேயும்" என்றேன். எழுபத்தொரு வயதுப் பாட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ அது எனக்கு மேலே தாங்கும்டா" என்று சிரித்தார். இப்போது கோலின்றிக் கோயிலுக்கு நடக்கிறார்.

ஒரு கீச்சொலியைச் செவிமடுத்ததில் தொடங்கி, தன் தவற்றை ஒப்புக்கொண்டதில் வளர்ந்தது இவ்வறிவியல். நண்பர்களே, தேர்வுக்குப் படிக்கும் விதி எந்த வீட்டில் யாரை நடக்கவைக்குமோ, யாரறிவார்!