ஊர்கள் கூடி இழுத்த தேர்

முன்னுரை

ஊர்த் தேரை ஒருவர் தனியே இழுத்துவிட முடியாது. அதுபோலவே, நோயைத் தடுக்கும் பணியையும் ஒரு சிறிய ஊர் தனித்து நின்று முடித்துவிட இயலாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

நீரில் மறைந்திருந்த நோய்

இவ்விரு மாவட்டங்களிலும் மக்கள் பல ஆண்டுகள் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு அந்நீரில் கரைந்து வந்தது. குடிநீர் ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சிய நீரைச் சிறு வயதில் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். எத்தனை முறை துலக்கினாலும் அது போகாது. பல்லாண்டுகள் குடிப்பவர்களுக்கு மூட்டுகள் விறைத்து, எலும்புகள் வளையவும் கூடும். அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை.

இந்த ஃபுளோரைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் தாய்மார் நீரைக் காய்ச்சித் தந்தாலும் பயனில்லை. காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிக் குறையும். ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும்.

ஊர்கள் இணைந்த விதம்

அருகிலேயே காவிரியில் நல்ல நீர் ஓடியது. ஆனால் நீரேற்று நிலையமும் சுத்திகரிப்பு நிலையமும் கட்டி, மலைப்பாதையில் குழாய் பதிக்கப் பாலக்கோடு, ஊத்தங்கரை போன்ற பேரூராட்சிகளால் தனித்தனியே இயலுமா? எனவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஊர்களை ஒரே திட்டத்தில் இணைத்தது. 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஒன்றியங்களின் சிற்றூர்கள் அதில் சேர்ந்தன. 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடின் தீமையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

நம் கடமை

குழாய் வந்துவிட்டதால் மட்டும் நோய் ஓடிவிடாது. முதல் ஊர் தன் பங்குக்கு மேல் எடுத்தால், கடைசி ஊரின் குழாயில் காற்றுதான் வரும். அவ்வூரார் மீண்டும் ஆழ்குழாய்க்கே செல்வர். ஆற்று நீர்த் தொட்டியில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்குழாய் நீரைக் கலந்தாலும், விலக்கிய தீமை திரும்பி வந்துவிடும். ஆகவே நீரை அளந்து பங்கிடுவதும், அடிக்கடி சோதிப்பதும், பிள்ளைகளின் பற்களைப் பார்வையிடுவதும் எல்லா ஊர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பணிகளாகும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! நம் வீட்டுக் குழாயைத் தேவை முடிந்ததும் மூடுவது சிறு செயல்தான். ஆனால் அதே குழாய்வழியின் கடைக்கோடியில் குடத்துடன் காத்திருக்கும் நம் போன்ற ஒரு சிறுமிக்கு அது பெரிய உதவி. முன்னே நிற்பவர் மட்டுமன்றிப் பின்னே நிற்பவரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும். கடைசி ஊருக்கும் நல்ல நீர் கிடைக்கும் நாளே நம் தேர் நிலை சேரும் நாள்.