பழைய இறக்குமதிப் படகா? முதலில் காகிதங்களைப் பாருங்கள்

பிரிட்டனில் பழைய படகு வாங்குகிறவர்கள் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள், அடிப்பாகத்தைச் சோதிக்க சர்வேயரை வைக்கிறார்கள். காகிதங்களை மட்டும் பணம் கொடுக்கும் அன்றுதான் புரட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த படகுக்கு இந்த வரிசை ஆபத்தானது. வரி கட்டாமல் உள்ளே வந்த படகை, அது இன்று யார் கையில் இருந்தாலும் சுங்கத்துறை பிடித்து வைக்கலாம்.

1. விளம்பரத்தில் 'வாட் கட்டியாச்சு' என்று இருந்தால் மட்டும் போதாது. படகு முதன்முதலில் விற்கப்பட்டபோது போட்ட வாட் இன்வாய்ஸ், அல்லது இறக்குமதியின்போது வரி கட்டிய சுங்க ஆவணம், இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். தனியாள் தனியாளுக்கு விற்கும்போது வாட் கிடையாது. அதனால் இடையில் கைமாறிய ரசீதுகள் எத்தனை இருந்தாலும் வரி கட்டியதற்கு அவை சாட்சி ஆகாது.

2. வரி பாக்கி என்றால் எவ்வளவு என்று முன்பே கணக்குப் போடுங்கள். படகின் மதிப்போடு கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் 20 சதவீதம். அமெரிக்காவிலிருந்து வந்த 30,000 பவுண்டு படகுக்குக் கூலியும் காப்பீடும் 5,000 என்றால் வாட் மட்டும் 7,000 பவுண்டு. சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் கூட்டிவிட்டுத்தான் வாட் போடுவார்கள்.

3. பிரான்சிலோ ஸ்பெயினிலோ நிற்கும் படகா? அங்கே கட்டிய வாட் 2021 ஜனவரி 1-லிருந்து பிரிட்டனில் செல்லாது. 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு அது எந்த நாட்டில் இருந்தது என்பதற்கு மரீனா வாடகை ரசீது கேட்டு வாங்குங்கள். இன்று சாதாரணமாகத் தெரியும் அந்தத் துண்டுச்சீட்டு பல ஆயிரம் பவுண்டு பெறும்.

4. 1985 ஜனவரி 1-க்கு முன்பே புழக்கத்தில் இருந்து, 1992 கடைசி நாளில் ஐரோப்பியச் சமூக நாடுகளுக்குள் நின்ற படகை வாட் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும்.

5. படகின் பின்பக்க வலது மூலையில் பொறித்திருக்கும் 14 எழுத்து எண்ணை நீங்களே குனிந்து படியுங்கள். முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த மூன்று கட்டியவர், பிறகு வரிசை எண். கடைசி நான்கில் 'டி606' என்று இருந்தால் 2006 ஏப்ரலில் கட்டிய, 2006 மாடல் படகு. காகிதத்தில் வேறு வருடம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டிய படகில் சி.இ. முத்திரை இல்லாமல் இருக்கலாம். 1998 ஜூன் 16-க்குப் பிறகு ஐரோப்பாவுக்குள் வந்ததென்றால், கட்டி முடித்த படகுக்கான தரமதிப்பீட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

7. சிறு கப்பல் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று அல்ல, கடனும் அதில் ஏறாது. 'பார்ட் 1' பதிவேட்டில் ஏறிய படகென்றால் அதன் நகலை வாங்கிப் பாருங்கள். அடமானம் இருந்தால் அதில் தெரியும். எதில் பதிந்திருந்தாலும், விற்பனைப் பத்திரங்கள் முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை தொடர்ச்சியாக வருகின்றனவா என்று சரிபாருங்கள்.

8. முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே, 'வாட் ஆதாரமும் உரிமைப் பத்திரங்களும் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். புரோக்கர் மூலம் என்றால் பணம் அவருடைய தனி வாடிக்கையாளர் கணக்கில் போகிறதா என்று கேளுங்கள்.