கழிந்தோரும் ஒழிந்தோரும்: கோப்பெருஞ்சோழன் வடக்கிருத்தலும் எஞ்சியோர் துயரும்

தன்னுயிரைத் தானே நீத்தவரைப் பற்றிய பேச்சு, அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்னும் வினாவில் தொடங்கி அவ்வினாவிலேயே முடிந்துவிடுகிறது. அவருக்குப் பின் வாழ வேண்டியவர்கள் பேச்சின் விளிம்பில் நிற்கின்றனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இறந்தோரை எண்ணும் அந்த அட்டவணையில் எஞ்சியோரை எண்ணுவதற்கு ஒரு பத்தி இல்லை. ஆனால் அவர்கள் வேறு ஓரிடத்தில் தோன்றுகின்றனர். இறப்புக்கான காரணங்களை வகைப்படுத்தும் பகுதியில், 31.7 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நிற்பது குடும்பப் பிரச்சினைகள் என்னும் வகை. துயருறுவோராக இடம்பெறாத குடும்பம் காரணமாக இடம்பெறுகிறது.

தமிழ் இலக்கண மரபு இதற்கு மாறான ஒரு நோக்கை உடையது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளுள் கையறுநிலையை வகுக்குமிடத்து, இறந்தவரைக் கழிந்தோர் என்றும், அவரை நினைந்து புலம்புபவரை ஒழிந்தோர் என்றும் இரு சொற்களால் சுட்டுகிறது. ஒழிந்தோர் என்பதற்கு இங்கு எஞ்சி நின்றவர் என்பது பொருள். துறையின் எழுவாய் அவர்களே. இறந்தவர் அவர்தம் புலம்பலுக்குப் பொருளாகிறார். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், தற்கொலைக்குப் பின் எஞ்சியோர்க்கு ஆற்ற வேண்டிய துணையைத் தனிப்பணியாக வரையறுத்துப் பெயரிட்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கோப்பெருஞ்சோழனைச் சூழ்ந்த புறநானூற்றுப் பாடல்களை (213–223) ஒழிந்தோர் பக்கம் நின்று படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கிருத்தலை இன்றைய பொருளில் தற்கொலை எனல் பொருந்தாது. அது ஊரறிய மேற்கொள்ளப்பட்ட நோன்பு; மானமும் அறமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன; இறந்தவர்க்குக் கல் நடப்பட்டது. இன்றைய தற்கொலை பெரும்பாலும் தனிமையில், உளநோயாலோ தாங்கவியலா நெருக்கடியாலோ நேர்வது. இரண்டையும் ஒன்றாக்கி முன்னதன் பெருமையைப் பின்னதற்கு ஏற்றுவது பிழை மட்டுமன்று, தீங்கும் ஆகும். எனினும், நேசித்த ஒருவர் தாமே இறப்பைத் தேர்ந்தார் என்பதை அறிந்து வாழ வேண்டிய நிலை இரண்டிலும் பொது. ஒப்பீடு அவ்வளவிலேயே நிற்கிறது.

சோழன் வடக்கிருந்ததற்கு முன்னிகழ்ச்சி தந்தைக்கும் மக்களுக்கும் எழுந்த பகை. மக்கள்மேல் படையெடுத்த அரசனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார் (புறம். 213). நீ மறைந்தபின் இவ்வரசுக்கு உரியவர் அவர்களேயல்லரோ என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. அதாவது, பின்னிருப்போரை நினைக்கும்படி வேண்டுகிறார். போர் நின்றது, அரசனோ வடக்கிருந்தான். அவ்வறிவுரை சொன்ன புலவர்க்கு அம்முடிவு எத்தகைய சுமையாயிற்றோ, அறியக்கூடவில்லை. அரசன் இறந்தபின் அவர் பாடியதாக ஒரு பாட்டும் இல்லை. மக்களின் குரலும் இல்லை. தந்தை இறப்புக்குக் காரணராகக் கருதப்பட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். தொகை அவர்களைப் பற்றி வாய் திறக்கவேயில்லை.

பேசுவோருள் முதலில் கருதத்தக்கவர் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார். ஆற்றிடைக்குறையின் புள்ளி நிழலில் உடல் வாட இருக்கும் அரசனிடம் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தவர் அவர். பலர் உன் குறிப்பறிந்து உன்னோடு இருந்துவிட்டனர், என்மேல் வருந்தினாயோ என்று கேட்கிறார் (புறம். 219). நட்பின் உயர்வைப் பாடும் தொகுதியில் இச்சிறு பாட்டு எளிதில் கவனம் தப்பிவிடும். முன்பே வந்திருக்க வேண்டுமே என்னும் உறுத்தல் இப்பாட்டின் முழுப்பொருள். தற்கொலையால் ஒருவரை இழந்தோரிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவதும் இதுவே: அன்று தொலைபேசியை எடுத்திருந்தால், அன்று ஊருக்குப் போயிருந்தால். விடை சொல்ல வேண்டியவர் இல்லாத வினா அது.

போத்தியாரின் பாடல்களே இத்தொகுதியின் நடுவிடம். பிசிராந்தையார் வந்ததை வியந்த பாட்டில்கூட (217) அவர் இரங்குவது, இத்தகையோனை இழந்த உலகம் என்னாகுமோ என்று. அடுத்து உறையூர்க்குத் திரும்புகிறார் (220). பல்லாண்டு உணவூட்டிக் காத்த களிற்றை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த தறி வெறிதாகக் கிடக்கக் கண்டு அழுததுபோல, அரசன் இல்லாத மூதூர் மன்றம் கண்டு கலங்கினேன் என்கிறார். உவமையில் கவனிக்கத்தக்கது களிறு அன்று, பாகன். நாள்தோறும் உணவு சமைத்து வைப்பதே தொழிலாக இருந்தவனுக்கு நாளை விடியலில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வடக்கிருந்த இடத்தில் வராத அழுகை பழகிய இடத்தில் வருகிறது. சடங்குகள் முடிந்து உறவினர் சென்றபின் வெற்று நாற்காலியைக் காணும் வீட்டாரின் நிலையை இதனினும் செவ்வையாகச் சொல்லுதல் அரிது.

இதே வெறுமையை ஓர் ஊரளவில் விரித்துக் காட்டுகிறார் கழாத்தலையார். வெண்ணிப் போரில் புறப்புண் நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தபோது முழவு ஒலி மறந்தது, யாழ் பண் மறந்தது, கலங்கள் கவிழ்ந்தன, சிற்றூர்கள் விழா மறந்தன, பகற்பொழுதுகள் முன்போல் கழியவில்லை (புறம். 65). உற்றார் அல்லாதாரையும் அவ்விறப்பு தொடுகிறது என்பதற்கு இது சான்று.

நடுகல்லைக் கண்டு பாடிய பாட்டில் (221) போத்தியார் அரசனின் பண்புகளை ஒவ்வொன்றாக எண்ணியபின், ஆராயாது அவனுயிரைக் கொண்ட கூற்றத்தை வைவோம், துயருற்ற சுற்றத்தாரையும் தழுவிக்கொண்டு வாருங்கள் என்று புலவரை அழைக்கிறார். வாழ்த்தியலாகவே இப்பாட்டைப் படிப்பது வழக்கம். ஆனால் அரசன் தானே தேர்ந்த இறப்புக்குக் கூற்றத்தை ஏன் பழிக்க வேண்டும்? பழி எங்கேனும் சென்று சேர்ந்தாக வேண்டும். அரசன்மேல் சுமத்த மனமில்லை. மக்கள்மேல் சுமத்தினால் பகை மீண்டும் எழும். கூற்றத்தின்மேல் சுமத்தும்போது எஞ்சியோர் அனைவரும் ஒருபக்கம் நிற்க இயலுகிறது. சுற்றத்தாரைத் தழுவுமாறு சொல்வது இங்குதான் என்பதையும் மறக்கலாகாது. துயரைப் பொதுவில் ஒருங்கு கூடிப் பேசுவதற்குக் கல்லும் இடமும் பாட்டும் இருந்தன.

இன்று இவற்றுள் எதுவும் இல்லை. வீட்டிற்கு முதலில் வருவது காவல்துறை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவும், 2024 சூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் கூறுமாறு, அக்கம்பக்கத்தார் இருவரோ மேற்பட்டோரோ முன்னிலையில் பிரேத விசாரணை நடைபெறும். அவர்களும் அறிக்கையில் ஒப்பமிடுவர். ஆறுதல் சொல்ல வந்தவர் சாட்சியாக நிற்க நேர்கிறது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கிடைக்கும்வரை காத்திருப்பு. மணமாகி ஏழாண்டுக்குள் இறந்தவர் பெண்ணாயின் கோட்டாட்சியர் விசாரணை. இவை தேவையான நடைமுறைகளே. குற்றம் மறைக்கப்படாதிருக்க இவை வேண்டும். ஆயினும் தாயின் முதல் புலம்பல் வாக்குமூலமாகப் பதிவாகிறது. துர்மரணம் என்று பெயரிட்டு இறுதிச் சடங்குகளைச் சுருக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. அதன்பின் இறப்பின் காரணம் மாரடைப்பு என்று வெளியார்க்குச் சொல்லப்படுகிறது. வீட்டிலுள்ள சிறுவர்க்கும் அதுவே சொல்லப்படுகிறது.

அப்படியாயின் பழைய மரபை அப்படியே மீட்கலாமோ எனின், ஆகாது. அம்மரபின் இன்னொரு முகம் அகநானூற்றின் 55ஆம் பாட்டில் உள்ளது. சேரலாதன் வடக்கிருந்த செய்தி கேட்ட சான்றோர் அவனுடன் செல்ல விரும்பித் தாமும் உயிர் நீத்தனர் என்று மாமூலனார் உவமை கூறுகிறார். அதைக் கூறுபவள் மகளைப் பிரிந்த தாய்; அச்சான்றோரைப்போல் நீங்காமல் தன்னிடமே தங்கிவிட்ட உயிரை அவள் வெறுக்கிறாள். புகழப்படும் ஓர் இறப்பு அடுத்த இறப்பை ஈர்க்கிறது. உடன்செல்லாதவர்க்கோ உயிரோடிருத்தலே நாணமாகிறது. தற்கொலைச் செய்திகளைப் பெருமைப்படுத்தி வெளியிடலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் ஊடகங்களை இன்று வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

போத்தியாரின் கடைசி இரு பாடல்களும் இந்த ஈர்ப்பில்தான் முடிகின்றன. மனைவி கருவுற்றிருந்தமையால், புதல்வன் பிறந்தபின் வா என்று அரசன் அவரை முன்பே திருப்பி அனுப்பியிருந்தான். மகன் பிறந்தபின் வந்து கல்முன் நிற்கும் புலவர், என்னை இங்கு ஒழித்துச் சென்றாயே என்று அரசனை அன்பற்றவனாக விளித்து, எனக்குரிய இடம் யாது என்கிறார் (222). தொல்காப்பியம் எஞ்சியோர்க்கு இட்ட பெயரின் வினையடியே இங்கு வருகிறது. இப்பாடல்களில் அரசன்மேல் சினம் வெளிப்படும் ஒரே இடமும் இது. அடுத்த பாட்டில் கல் இடந்தருகிறது (223).

நட்பின் உச்சமாக இவ்விரு பாடல்களையும் போற்றிவந்த உரைமரபு, அரசனின் சொல்லில் இருந்த மற்றொன்றைக் கவனியாது விட்டது. வா என்பதைக் காட்டிலும், இப்போது போ என்பதே அவன் செய்தது. உடனிருந்தோருள் ஒருவரையேனும் அவன் இறப்பினின்று விலக்கி வீட்டிற்கு அனுப்பினான். அதற்குக் காரணமாகக் காட்டியது பிறக்கவிருந்த ஒரு குழந்தையை. நிழல்போல் நீங்காதவள் என்று 222ஆம் பாட்டு சொல்லும் அம்மனைவி, 223ஆம் பாட்டுக்குப்பின் தானும் ஒழிந்தோருள் ஒருத்தியானாள். அவள் புலம்பிய பாட்டு தொகுக்கப்படவில்லை. அம்மகனுக்குத் தந்தையைப் பற்றி யார் என்ன சொல்லி வளர்த்தனர் என்பதற்கும் புறநானூற்றில் குறிப்பில்லை.