கள்ளியும் கக்ரஸும்



வசந்த காலத்தில் ஜோன் தலோன் சந்தைக்குச் செல்லும் பிள்ளைகள், சிறு முட்செடி ஒன்றை ஆசையுடன் வாங்கி வருவர். பல இல்லங்களில் அச்செடி அடுத்த வசந்தத்தைக் காண்பதில்லை. கவனக் குறைவினால் அன்று. நாள்தோறும் நீர் வார்க்கும் அன்பு மிகுதியினாலேயே அது மடிகின்றது.

முதலில் ஒரு வேற்றுமையை அறிதல் வேண்டும். சங்கப் புலவர் பாலைத் திணையிற் பாடிய கள்ளி வேறு, இச்செடி வேறு. நம் ஊர்ச் சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பத்தது. கீறினால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். கடைகளில் இரண்டும் அருகருகே விற்கப்படுவதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் பார்த்து வாங்குக. கக்ரஸின் முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டுக்களிலிருந்து கொத்தாக எழும். கள்ளியில் அத்திட்டு இராது.

கக்ரஸ் இனம் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. முள்ளின்றி மரங்களில் தொங்கி வளரும் ஓரினம் மட்டுமே ஆபிரிக்காவிலும் நம் இலங்கையிலும் இயற்கையாக உள்ளது. நாம் நாகதாளி என்பதும் வந்தேறியே. 1795இல் கிழக்கிந்தியக் கம்பனியார் செஞ்சாயம் எடுப்பதற்கெனப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சி ஒன்றை வருவித்தனர். நல்ல சாயம் கிட்டவில்லை. பூச்சியோ நாகதாளி வகையொன்றைத் தின்று தீர்த்தது. அதனைக் கண்டு 1860களில் அப்பூச்சியை இலங்கைக்கும் கொண்டு சென்றனர். களையை அழிக்கவென்றே ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சி சென்ற முதல் நிகழ்ச்சி இதுவென்பர்.

இனி வளர்ப்பு முறை. அடியில் துளையுள்ள மண்சாடியே நன்று. மண்ணுடன் பருமணலும் சிறு கல்லும் சரிபாதி கலந்திடுக. கோடையில் மண் முற்றாக உலர்ந்த பின்னரே நீர் வார்த்தல் வேண்டும். வார்க்கும்போது நன்றாக வார்த்து, தட்டில் தேங்குவதை ஊற்றிவிடுக. ஒக்ரோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒருமுறை சிறிது நீர் போதும். கீற்றருக்கு மேல் வையாது, வெளிச்சமுள்ள குளிர்ந்த யன்னலில் வைத்திடுக. இவ்வோய்வு இல்லையேல் பல இனங்கள் பூப்பதில்லை. ஒன்ராறியோவின் பீலி முனையில் இயற்கையாக வளரும் கக்ரஸ், குளிர் வருமுன் தன் நீரைக் குறைத்துச் சுருங்கிக் கிடந்து, கோடையில் மஞ்சட் பூப் பூக்கின்றது.

யூன் மாதத்தில் பல்கனிக்கு எடுத்துச் செல்வோர் முதற் பத்து நாளும் நிழலில் வைத்திடுக. திடீர் வெயில் அதனையும் சுடும். செப்ரெம்பரில் உறைபனிக்கு முன் உள்ளே கொணர்க. சாடி மாற்றும்போது பழைய பத்திரிகைத் தாளை மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்திடுக. நுண்முள் விரலில் ஏறினால் வாயால் உறிஞ்சாதீர்; ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தாற் பெரும்பாலும் வந்துவிடும்.